கறுப்பு எண்ணெய் வேண்டாத எஞ்சின்

ஒரு பொம்மைக் கடையில் பித்தளை நீராவி எஞ்சின் ஒன்று இருந்தது. உடம்பு செங்கல் அளவுதான், தலைக்கனம் மட்டும் மலையளவு. சாயங்காலம் கூட்டம் வரும்போது குட்டி ராட்டினத்தைச் சுற்றிக் காட்டினால்தான் அதற்குக் கண்ணாடி அலமாரியில் இடம். இல்லாவிட்டால் அந்த இடம் மின்சார மோட்டாருக்குப் போய்விடும்.

பிஸ்டன் உரசாமல் ஓட எஞ்சினுக்குள் இறங்க, நீராவிச் சூட்டைத் தாங்கவென்றே செய்த கெட்டி எண்ணெய் தார் மாதிரி கறுப்பாக வந்து நின்றது.

“தள்ளி நில்லு. என் மினுமினுப்பு என்ன, உன் மூஞ்சி என்ன,” என்றது எஞ்சின்.

தண்ணீர் போலத் தெளிந்த தையல் மிஷின் எண்ணெயைப் பார்த்ததும் அதற்கு வாயெல்லாம் பல். “வாங்க தம்பி, உள்ள வந்து உக்காருங்க.”

“சூடா இருக்குமோ அண்ணே?”

“சேச்சே, நம்ம வீடு மாதிரி இருக்கும்.”

சாயங்காலம் கூட்டம் கூடியதும் அடியில் நெருப்பு வைத்தார்கள். ஆவி உள்ளே பாய்ந்ததுதான் தாமதம், “நான் வரேண்ணே” என்று அந்த மெல்லிய எண்ணெய் புகைபோக்கி வழியே ஓடிப்போயிற்று. வறண்ட பிஸ்டன் கிறீச்சிட்டு இறுகிக்கொண்டது. ராட்டினம் அரைச் சுற்றில் நின்றது. கூட்டம் சிரித்தது.

“ஏய் கறுப்பு,” என்று கிசுகிசுத்தது எஞ்சின். “யாரும் பாக்காம பின்பக்கமா வந்து ஏறிக்கோ.”

“பின்பக்கம் வழி இல்லைங்க. உங்க நெத்தியில இருக்கிற குழி வழியாத்தான் இறங்கணும். எல்லாரும் பாப்பாங்க.”

எஞ்சின் கூட்டத்தைப் பார்த்தது. “அப்படின்னா வேண்டாம்.”

இப்போது ராட்டினத்தை மோட்டார் சுற்றுகிறது. எஞ்சின் பளபளவென்றுதான் இருக்கிறது, கடைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டாக வைத்திருக்கிறார்கள்.