கற்க விரும்புவது என்ன?

'வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் இந்த ஆண்டு நீங்கள் கற்க விரும்புவது என்ன?' என்று கேட்கும் படிவத்தை இரண்டு வருடமாகக் காலியாகவே திருப்பிக் கொடுத்தவர் கணக்கு டீச்சர். இன்று அவரே டேப்லெட்டும் கையுமாக வந்து நின்றதும் கம்ப்யூட்டர் சாருக்குத் தலைகால் புரியவில்லை.

"வாங்க டீச்சர்! இன்னைக்கு மழை கொட்டப் போகுது!"

"கிண்டல் அப்புறம் தம்பி. பிள்ளைங்க அனுப்புற மெசேஜை எப்படிப் பார்க்கிறது? பன்னிரண்டு மணிக்குள்ள இந்த டேப்லெட்டை ஆபீஸ்ல கொடுத்தாகணும்."

"இவ்வளவுதானா? மூலையில மணி மாதிரி இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க."

தொட்டார். படிக்காத செய்திகள் பதினேழு. எல்லாம் ஒரே மாணவி அனுப்பியவை. கடைசியாக வந்தது திங்கட்கிழமை மாலை.

'மிஸ், வேன் டிரைவர் இன்னைக்கும் என்னைத்தான் கடைசியா இறக்குவாராம். பயமா இருக்கு. அம்மா வர்ற வரைக்கும் உங்ககூட இருக்கட்டுமா?'

டீச்சர் டேப்லெட்டைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதையெல்லாம் எப்படி அழிக்கிறது தம்பி?"

"எதுக்கு டீச்சர் அழிக்கணும்?"

"திங்கட்கிழமையிலேர்ந்து காணோம்னு தேடுறாங்களே, அந்தப் பொண்ணுதான் இது. என்கிட்ட அவ எதையுமே சொன்னதில்லைன்னு காலையிலதான் போலீசுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்."