தெருவுக்குள் ஒரு நெட் திருடன்

"அமிர்தம், நம்ம நெட்டைப் பக்கத்து வீட்டுல உறிஞ்சுறாங்க!"

துரைக்கண்ணு போனைத் தூக்கிப் பிடித்தபடி அடுப்படிக்குள் வந்தார். திரையில் ஒரு நடவு மெஷின் பாதி வயலில் நின்றுபோய், நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அமிர்தம் மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. "மூட்டமா இருக்கு. அதான் சுத்துதோ என்னமோ."

"மூட்டத்துக்கும் வைஃபைக்கும் என்னடி சம்பந்தம்? இதெல்லாம் நெட் திருட்டு. கூட்டத்துல தெளிவாச் சொன்னாங்க."

நன்னிலம் கல்யாண மண்டபத்தில் நடந்த இணையப் பாதுகாப்புக் கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து மனிதர் இப்படித்தான் இருக்கிறார். மகன் பிரபு சிங்கப்பூருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன லேப்டாப்பின் கேமராவில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டினார். "யாரு கேட்டாலும் ஓடிபியைச் சொல்லிடாதே" என்று பால்காரரை அவர் மிரட்டியதில், அந்த ஆள் இப்போது எத்தனை லிட்டர் என்று கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்கிறார்.

போன வாரம் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினார். அவருக்கே முழுசாக நினைவில் நிற்காத பாஸ்வேர்டு. டிவியில் அதைப் போட்டு முடிப்பதற்குள் அமிர்தத்தின் சீரியலில் ஒரு கல்யாணமே நின்றுவிட்டது. ஆனால், அவருடைய போன் மட்டும் புதுப் பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை.

"முதலாளி யாருன்னு அதுக்குத் தெரியுது பாரு" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

அத்தனை செய்தும் வட்டம் நிற்காமல் சுற்றுகிறது என்றால்?

கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஷிஃபா, மதில் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். இன்ஜினியரிங் படிக்கிற பெண். தினமும் இதே இடம்.

துரைக்கண்ணுவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேரே தெருவுக்குப் போனார்.

"ஜன்னத்து! கொஞ்சம் வெளியில வாம்மா!"

ஜன்னத் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். பின்னாலேயே ஷிஃபாவும் வந்து நின்றாள். வயலுக்குப் போய்க்கொண்டிருந்த மருதையன் வண்டியை ஓரம் கட்டினார். வேடிக்கை என்றால் அவருக்கு வயல் காத்திருக்கும்.

"என்ன அண்ணே?"

"சொன்னா வருத்தப்படக் கூடாது. உன் பொண்ணு என் வைஃபையை உடைச்சு உபயோகிக்குது."

ஷிஃபாவின் முகம் சுருங்கிவிட்டது. "மாமா! நானா?"

"பின்ன மதில் ஓரமா எதுக்கும்மா உட்கார்றே? காத்து வாங்கவா?"

"படிச்ச புள்ளைக்கு இதெல்லாம் ஒரு நொடி வேலைண்ணே" என்று மருதையன் எடுத்துக் கொடுத்தார்.

ஜன்னத் பீவி கோபப்படவில்லை. மகளைத்தான் பார்த்தார். "போ புள்ளே. மாமா வீட்டுல என்ன கோளாறுன்னு பார்த்துட்டு வா."

"திருடன் கையிலயே சாவியா?" என்று மருதையன் முணுமுணுத்தார். துரைக்கண்ணுவுக்கும் அதே சந்தேகம்தான். ஆனால், அவருடைய பாஸ்வேர்டு அவருக்கே மறந்துபோயிருந்ததால் வேறு வழியில்லை.

ஷிஃபா உள்ளே வந்தாள். ரூட்டரில் பிரபுவின் லேப்டாப்பை வயர் போட்டு இணைத்துப் பார்த்தாள். பிறகு அவருடைய போனை வாங்கி எங்கெங்கோ தட்டினாள்.

"மாமா, உங்க வைஃபையில உங்க டிவி மட்டும்தான் இருக்கு. வேற யாரும் இல்ல."

"அப்ப என் போன்?"

ஷிஃபா போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அதில், 'ஜன்னத் இல்லம்' என்று இருந்தது.

துரைக்கண்ணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் ஜன்னத் இல்லம்தான்.

"புயல்ல உங்க லைன் அறுந்து போச்சுல்ல? சிங்கப்பூருல இருக்கிற பேரப்புள்ளைகிட்ட பேசணும்னு உம்மாகிட்ட பாஸ்வேர்டு வாங்கிப் போட்டீங்களே. உங்க போன் அப்படியே எங்க வைஃபையிலேயே நின்னுபோச்சு மாமா."

"அன்னையிலேருந்தா?"

"ம்."

"நீ மதில் ஓரமா உட்கார்றது?"

ஷிஃபா தயங்கினாள். "நீங்க வீடியோ பார்க்க ஆரம்பிச்சா எங்க வீட்டுல நெட் சுத்தும். என் போன் நெட்டுல கிளாஸைக் கவனிப்பேன். அதுக்கு அந்த மூலையிலதான் டவர் எடுக்குது."

அடுப்படியில் அமிர்தம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. மீனுக்கு மிளகாய்த்தூள் போடும்போது வருகிற இருமல் மாதிரி அதை மாற்றிக்கொண்டாள்.

"தாயி," துரைக்கண்ணு குரலைத் தாழ்த்தினார். "உங்க உம்மாவுக்குத் தெரிய வேணாம்."

ஷிஃபா தலையை ஆட்டினாள். போனை அவருடைய சொந்த வைஃபைக்கு மாற்றி, பாஸ்வேர்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள்.

வாசலில் மருதையன் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஆள் சிக்குனானாண்ணே?"

"சிக்கிட்டான்."

"யாரு?"

"நம்ம தெரு ஆளுதான். தெரியாமப் பண்ணிட்டான். குடும்பஸ்தன், வெளியில சொன்னா அசிங்கம். விட்டுடுவோம்."

"பேரையாவது சொல்லுங்கண்ணே! நாலு பேரு எச்சரிக்கையா இருக்கலாம்ல?"

"மன்னிக்கத் தெரியணும் மருதையா. நீ வயலுக்குக் கிளம்பு."

துரைக்கண்ணுவின் பெருந்தன்மையை மெச்சிக்கொண்டே மருதையன் வண்டியைக் கிளப்பினார். சத்தம் தெருமுனையைத் தாண்டியதும், ஜன்னத் பீவி கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்:

"எங்க வைஃபை பாஸ்வேர்டை மாத்திடலாம்னு இவ எப்பவோ சொன்னா அண்ணே. நீங்க பேரப்புள்ளைகிட்ட பேசிக்கிட்டிருக்கையில பாதியில அறுந்துடுமேன்னு நான்தான் விட்டு வச்சேன்."