குடும்ப அமைதி மோடு

கல்யாண நாளுக்கு ஜோடியாக வாங்கி மாட்டிக்கொண்ட காதுபோன்தான் வேதநாயகியின் குடும்பத்தைக் கெடுத்தது. கழற்றி வைத்தால் வீட்டுக் கதவுகூடத் திறக்காது. மாட்டினாலோ, எப்பேர்ப்பட்ட வசவையும் கற்கண்டாக்கித்தான் காதுக்குள் விடும். நேற்று, "பால் பொங்கி வழியுது, அங்க என்னத்தப் பிடுங்கிட்டிருக்கீங்க?" என்று கத்தினாள். கணவர் தணிகாசலம் நாற்காலியை விட்டு எழாமலேயே, "உன் குரலே தனி அழகுடி" என்றார். பாத்திரம் கருகிப்போனது.

இன்று அவரை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கே இழுத்து வந்துவிட்டாள். கடைக்காரப் பெண் ஷபீனா அவருடைய காதுபோனைக் கழற்றிக் கணினியில் செருகினாள்.

"இதை மாத்தி விடுற ட்வீக் ஏகப்பட்டது இருக்குக்கா. இந்த வெர்ஷனுக்கு ஒத்து வர்றது ஒண்ணே ஒண்ணுதான். சொன்னது சொன்னபடி கேக்கும். ஆனா கம்பெனி போட்ட பூட்டை உடைச்சா வாரன்ட்டி போயிடும், பரவால்லயா?"

"இவரையே முப்பது வருஷமா வாரன்ட்டி இல்லாமத்தாம்மா ஓட்டிட்டிருக்கேன். உடை."

பத்து நிமிடத்தில் காதுபோன் அவர் காதில் ஏறியது. வேதநாயகி கருகிய பாலில் ஆரம்பித்து அவருடைய அக்கா வரைக்கும் போய் வந்தாள். தணிகாசலத்துக்கு முகம் சிவந்தது, மூக்கு விடைத்தது. அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசப் பேச, தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேதநாயகிக்குக் கேட்டதோ, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் கண்ணு."

"என்னம்மா, வேலைக்கே ஆகலையே?"

ஷபீனா சிரிப்பை அடக்க முடியாமல் கையை நீட்டினாள். "அவருக்கு ஆயிடுச்சுக்கா. இப்ப உங்களோடதக் கழட்டுங்க."

வேதநாயகி அவசர அவசரமாகக் கழற்றினாள்.

"ஏங்க, ஒரு வார்த்தை விடாம மொதல்லேர்ந்து சொல்லுங்க."