டிவ் என்று எழுதிய பட்டன்

எஸ்தர் வந்தபோது அப்பாவின் படுக்கை நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்திருந்தது. துணியை மாற்றிவிட்டு போனில் வீட்டை இயக்கும் நிரல் பக்கத்தைத் திறந்தாள். கட்டிலோரத்துச் சிவப்பு வட்டத்துக்குத் தம்பி எழுதியிருந்த குறியைப் பார்த்ததும் அவளுக்குக் கொதித்தது.

“ஏல ஜெபசிங், இதை டிவ்னு போட்டிருக்க. டிவ்வுன்னா வெறும் பெட்டி. அமுக்கினா வீட்டுக்கு எப்பிடில கேக்கும்?”

“பாக்க பட்டன் மாதிரிதானக்கா இருக்கு? பெயின்ட்ல நிழல்கூட அடிச்சிருக்கேன்.”

வீடு எதையும் பார்ப்பதில்லை, எழுதிய குறியை மட்டும்தான் படிக்கும். வாதத்தில் பேச்சுப் போன அப்பாவுக்கு அசைவதோ ஒரு கட்டைவிரல்தான்.

“ஒருநாளும் கூப்பிட்டதில்லக்கா. தொந்தரவே இல்லாத மனுசன்னு நெனச்சேன்.”

எஸ்தர் வட்டத்தின் நடுவைக் காட்டினாள். பெயின்ட் தேய்ந்து பலகை தெரிந்தது.

அவள் டிவ்வை அழித்துவிட்டு பட்டன் என்று எழுதினாள். “அப்பா, இப்ப அமுக்குங்க.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் விரலைப் பிடித்து அவளே அழுத்தினாள். “சொல்லுங்க ஐயா” என்றது வீடு. அவர் கண் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். “சொல்லுங்க ஐயா.”

“விடுக்கா. அவருக்கு வெறுத்துப்போச்சு.”

“நீ போய் ஒன் சோலியப் பாருல.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எத்தனை தடவை ஆனாலும் சரி என்று அவர் விரலைத் திரும்ப வட்டத்தின் மேல் வைத்தாள். அவள் இன்னும் அழுத்தவில்லை.

“சொல்லுங்க ஐயா” என்றது வீடு.