எட்டு மணிக்கு மேல்

சுகப்பிரியா பாயையும் தலையணையையும் சேர்த்துச் சுருட்டி அறைக்கு வெளியே வீசினாள். இரண்டும் பாஞ்சாலியுடையவை.

"ஏட்டி, அந்த மேனேஜர் குடுக்கப்போற டிபன் கேரியருக்கா எங்க எல்லாத்தையும் வித்த? இனி இந்த ரூம்ல உனக்கு எடம் கெடையாது, பாத்துக்க."

பாஞ்சாலி பாயை எடுத்து வராந்தாவில் விரித்துக்கொண்டாள். கம்பெனி நடத்திய கட்டுரைப் போட்டியில் அவளுக்குத்தான் டிபன் கேரியர் பரிசு என்று அன்று காலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

படப்பையில் இருந்த அந்த விடுதியில் நாற்பத்து நான்கு பெண்கள். எல்லோரும் ஒரகடம் சாலையில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் சங்கரன்கோவில், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகள். 2011இல் கம்பெனியே அவர்களுக்கு ஞாயிறுதோறும் ஆங்கில வகுப்பு நடத்தியது. உள்ளூர்க்காரரான ஜெர்சி டீச்சர் வந்து பாடம் எடுப்பார்.

பத்து நாளுக்கு முன்பு மனிதவள மேனேஜர் நரசிம்மன் அந்த வகுப்புக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. நான்கு நோட்டுகளைப் புரட்டிவிட்டு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"லீவு லெட்டர்ல 'ஐ ஆம் ஃபீவர்'னு எழுதறதுங்க. இதுங்களுக்கெல்லாம் சொந்தக் கருத்து ஒரு கேடு" என்று டீச்சரிடம் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு போட்டியை அறிவித்தார். விடுதி கேட்டை எட்டு மணிக்குப் பூட்ட வேண்டுமா, வேண்டாமா? ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டும்.

பூட்டு அவருடைய யோசனைதான். பெண்களே விரும்பிக் கேட்டால் ஒழிய அனுமதி தர மாட்டேன் என்று கம்பெனியின் வெளிநாட்டுத் தலைவர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் இந்தப் போட்டி.

நரசிம்மன் தலை மறைந்ததும் சுகப்பிரியா கொதித்தாள். "ஆறு நாளும் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓ.டி.ன்னு நம்ம உசுர எடுக்கான். நமக்குன்னு இருக்கது ஞாயித்துக்கெழம ஒண்ணு. வல்லக்கோட்டை கோயிலுக்குப் போய்ட்டு ஷேர் ஆட்டோ கெடச்சு வரவே எட்டரை ஆவுது. அதுக்கும் பூட்டா? யாரும் 'வேணும்'னு எழுதக் கூடாது!"

நாற்பத்து மூன்று பேர் வேண்டாம் என்று எழுதினார்கள். பாஞ்சாலி ஒருத்திதான் பூட்ட வேண்டும் என்று எழுதினாள்.

ஜெர்சி டீச்சருக்கே அது பிடிக்கவில்லை. "என்னம்மா, உன்னை அடைச்சு வையின்னு நீயே எழுதிக் குடுக்கிற? இதுதான் உன் சொந்தக் கருத்தா?"

"எதிர்ல இருக்கவங்க தலையாட்டுற எடத்துலேருந்து ஆரம்பிக்கணும்னு நீங்கதான மிஸ் சொன்னீய."

"சொன்னேன். அதுக்காகக் கால்ல விழச் சொல்லலை." டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "வேற இன்னா சந்தேகம் கீது உனக்கு?"

"'எந்தக் காரணத்துக்காகவும்'னு இங்கிலீஷ்ல எப்படி மிஸ் எழுதணும்?"

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டே போர்டில் எழுதிப் போட்டார். பாஞ்சாலி எழுத்துக் கூட்டிப் பார்த்துக் கட்டுரையில் சேர்த்துக்கொண்டாள்.

பாய் வெளியே வந்த நாளிலிருந்து விடுதியில் யாரும் அவளோடு பேசவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. 'கங்காணி' என்று பெயர் வைத்தார்கள். அவள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். இரண்டு முறை அவள் வாய் திறக்கப் பார்த்தாள். விஷயம் மேனேஜர் காதுக்குப் போய்விடும் என்று பயந்து மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் கேன்டீனில் பரிசளிப்பு. மேடையில் தலைவர் உட்கார்ந்திருந்தார். நரசிம்மன் மைக்கைப் பிடித்துக் கட்டுரையை முதலில் ஆங்கிலத்தில் வாசித்தார். தப்பு வந்த இடங்களில் எல்லாம் நிறுத்தி, சிரித்துவிட்டு, மேலே போனார். அப்புறம் தமிழில் சொன்னார்.

"'எட்டு மணிக்கு மேல் வெளியே இருப்பது பெண்களுக்கு நல்லதல்ல. எங்கள் உடம்புக்கும் பாதுகாப்புக்கும் கம்பெனிதான் பொறுப்பு. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு பெண்கூட எட்டு மணிக்கு மேல் விடுதிக்கு வெளியே இருக்கக் கூடாது.' கேட்டீங்களா? நாப்பத்து நாலு பேர்ல ஒருத்திக்காவது புத்தி இருக்கு. இந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே ரூலா அடிச்சுக் கொண்டுவந்திருக்கேன்."

தாளைத் தலைவர் முன்னால் வைத்தார். அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கூட்டத்தில் ஒரு கை தட்டவில்லை. "த்தூ" என்று சுகப்பிரியா சொன்னது மேடைவரை கேட்டது.

பாஞ்சாலி மேடை ஏறினாள். நரசிம்மன் டிபன் கேரியரை இடது கையால் நீட்டினார். அவள் அதை வாங்காமல், நேரே தலைவர் முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். சின்னக் கேள்விதான், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினாள். கீழே இருந்தவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை.

தலைவர் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படித்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று அவளுக்குத் தலை வணங்கி, "யெஸ்" என்றார். அதைத் தமிழில் எல்லோருக்கும் சொல்லும்படி நரசிம்மனுக்குக் கை காட்டினார்.

நரசிம்மன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார், இறக்கினார், மறுபடி கொண்டுபோனார்.

"திங்கட்கிழமையிலேருந்து… பத்து மணி ஓ.டி. கிடையாது."