நெற்றிக்குத் தெரிந்த பாதம்

"இவர் இல்லைப்பா."

பெரியவர் பளிங்குப் பாதத்திலிருந்து நெற்றியை எடுத்தார். சிற்பி உளியை வீசி எறியாத குறை. இது நாலாவது ஜோடி! மறைந்த குருவின் பாதத்தை ஞாயிற்றுக்கிழமை சமணக் கோயிலில் வைத்தாக வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும்.

"என்ன தப்புன்னாவது சொல்லுங்களேன்! விரல் நீளமா? குதிகால் குட்டையா?"

"யாருக்குத் தெரியும்? இருபது வருஷமும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் அவர் கால்ல விழுந்தேன். என் நெத்திக்குத்தான் தெரியும்."

"போட்டோ?"

"எடுக்க விட்டதே இல்லை."

"அவர் குடும்பத்துல யாரையாவது கேட்டுப் பாருங்களேன்!"

"குடும்பம் ஏதுப்பா? சபை நடுவுல சம்சாரம் வாய்விட்டுச் சம்மதம் சொன்னாத்தான் எங்க வழக்கத்துல துறவே. அதோட பேரு மாறிடும், உறவும் முடிஞ்சிடும்."

அவர் போனதும் சிற்பி கடுப்போடு செருப்பை மாட்டினான். வார் பட்டென்று அறுந்தது. இந்த மாதத்தில் இரண்டாவது.

"கோணக் காலு! எந்தச் செருப்பு தாங்கும்?" என்றாள், சாப்பாட்டுக் கூடையோடு வந்த அம்மா.

"மூணு வயசுல என்னை விட்டுட்டு ஓடிப்போன மகராசன் கொடுத்த சொத்து இது ஒண்ணுதானேம்மா!"

அம்மா வழக்கம்போலக் கூடையைத் திறந்து சோற்றை எடுத்து வைத்தாள்.

எரிச்சலில் அவனுக்கு ஒரு கிறுக்குப் புத்தி தோன்றியது. மிச்சமிருந்த பளிங்குப் பலகையில் தானே ஏறி நின்று, கரித்துண்டால் காலைச் சுற்றிக் கோடு போட்டான். எலும்பு புடைத்த இடம்கூட விடாமல் தன் காலையே செதுக்கினான். இதையும் வேண்டாமென்று சொல்லட்டும், ஆளை விட்டால் போதும்!

சனிக்கிழமை பெரியவர் வந்தார். கண்ணை மூடினார், குனிந்தார். வைத்த நெற்றியை எடுக்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"இவர்தான்! குருவே, நீங்களேதான்!"

சிற்பிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. திரும்பினால், வாசலில் அம்மா. கூடையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கல்லைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள்.

அவன் கல்லைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். மெல்ல அம்மா பக்கம் திரும்பினான்.

"அம்மா... அப்பா எங்கம்மா ஓடினாரு?"

"ஓடலைடா. சபை நடுவுல நான்தான் சம்மதம் சொன்னேன். தப்பாடா?"