எடுக்காத தகடு

எழில் குனிந்து ஆய்வகத் தொட்டியின் அடியைப் பார்த்தாள். ஒரு முட்டைகூட இல்லை.



விளக்கு எரிந்து வெகு நேரமாகிவிட்டது. வெளிச்சம் வந்ததும் வரிக்குதிரை மீன் முட்டையிட வேண்டும். பக்கத்துத் தொட்டி மீன்கள் இட்டு முடித்து, ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன.

இந்த ஜோடி மட்டும் அப்படியே நின்றது. இதயம் பச்சையாக ஒளிரும் குஞ்சுகள் இதற்குத்தான் பிறக்கும். தாய் மீனுக்கோ வயதாகிவிட்டது. படம் பிடிக்கும் நுண்ணோக்கி கிடைப்பதும் நாளை வரைக்கும்தான்.

நேற்றுதான் அந்தச் செய்தி வந்தது. எழிலும் சேவியரும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய அதே மரபணுவைப் பற்றி, வேறொரு நாட்டு ஆய்வகம் கட்டுரை வெளியிட்டுவிட்டது. கருவில் இதயம் முதல்முறை துடிக்கும் கணத்தை மட்டும் அங்கே யாரும் படம் பிடிக்கவில்லை. அது கிடைத்தால் இவர்கள் உழைப்பு பிழைக்கும்.

படித்ததும் சேவியர் கத்தினான். "போன வருஷமே நம்ம கட்டுரைய அனுப்பியிருக்கலாம்! நீதான் பாத்துப் பாத்தே கெடுத்த."

அதோடு பேச்சு நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தால் இதுதான் வம்பு. கோபித்துக்கொண்டு போக வேறு இடம் கிடையாது.

காலையில் அவன் வண்டியில் வந்தான். அவள் பஸ்ஸில் வந்தாள்.

இப்போது அவனும் வந்து தொட்டியின் எதிர்ப்பக்கம் குனிந்தான். தண்ணீருக்கு அப்பால் தூங்காத முகம்.

ஆண் மீன் இந்தப் பக்கம். பெண் மீன் அந்தப் பக்கம். நடுவில் கண்ணாடித் தகடு.

இரவில் செருகுகிற தகடு. விளக்கு எரிந்ததும் உருவிவிட வேண்டும். அப்போதுதான் இரண்டும் கூடும்.

"தகட நீ எடுக்கலையா?" என்றான்.

"நீ எடுத்திருப்பேன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? மூஞ்சத் தூக்கி வெச்சிருந்தியே, அதுகிட்டயா?"

அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

தகட்டை உருவினாள்.

இனிமேல் இடுமா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஆண் மீன் பக்கத்தில் போனது. பெண் மீன் விலகியது. மறுபடி போனது. மறுபடி விலகியது.

"பாரு, எப்படிக் கெஞ்ச வெக்கிறா."

"கெஞ்சட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னான். "நேத்து நான் பேசினது தப்பு எழில்."

அவள் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் சட்டைக் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அடியில் ஏதோ உதிர்ந்தது. கடுகளவுகூட இல்லை. பின்னாலேயே இன்னும் சில.

முட்டைகளைச் சிறு தட்டில் எடுத்து, உருப்பெருக்கியில் வைத்துக் காத்திருந்தார்கள். முட்டையின் உச்சியில் இருந்த சிறு மேடு, மெல்ல, இரண்டாகப் பிளந்தது. கரு பிடித்துவிட்டது. நாளைக்கே இதயம் துடிக்கும்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நுண்ணோக்கி எதிர்க் கட்டடத்தில். வெளியே வெயில் கொளுத்தியது. அவள் குடையை விரித்தாள்.

மாடியிலிருந்து ஆய்வகத் தலைவி பார்கவி மேடம் சத்தம் போட்டார். "குடைய வெச்சுக்கிட்டே ஏம்மா ரெண்டு பேரும் வெயில்ல காயறீங்க?"

குடையை முட்டைத் தட்டுக்கு மேல் பிடித்திருந்தாள்.

உள்ளங்கையளவுத் தட்டு. ஒரு கை தாராளமாகப் போதும்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்தார்கள்.